இரண்டு இடது கை

11 ஜனவரி 2004, ஞாயிறு
இந்திராநகர் பங்களா ஒன்றில் 'நம் உடை, நம் கையால்' தையல் வகுப்பு. பாதிப் பேரின் டிரைவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். முதலில் நெசவாளியை நினைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். நினைத்தோம். அவர் எங்களை நினைத்தாரா, தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கும் மௌரீன், "துணியைக் கேளுங்க, அதுவே சொல்லும்" என்றாள். என் துணி வாயைத் திறக்கவில்லை.

12 ஜனவரி
நாத்தனார் ராதாவிடம் போனில் உளறிவிட்டேன் — அவள் பெண் ரக்ஷாவின் கல்யாணத்துக்கு நானே தைத்த ரவிக்கைதான் என்று.
"பேஷ் மன்னி! பத்திரிகையிலேயே போட்டுடட்டுமா?"
இனி டெய்லரிடம் போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

18 ஜனவரி
வெட்டியாயிற்று. இரண்டு கையும் இடது கை! ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். புடவையோடு வந்த பட்டு. மிச்சத் துணியும் இல்லை.
இவர் பேப்பரை இறக்காமலே, "இன்னொரு இடது கை முளைக்க வெச்சுக்கோயேன்" என்றார்.
எம்.ஏ. படித்து என்ன? நாற்பது வருஷமாக ரவிக்கை போடுகிறேன். ஒன்றையாவது உள்பக்கம் திருப்பிப் பார்த்தேனா?

25 ஜனவரி
மாடியில் குடியிருக்கும் விஜியைப் பிடித்தேன். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் வேலை. காப்பாற்றிவிடுவாள் என்று நம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.
"நான் காலர் வெக்கிறவ, மாமி. கை வேற லைனு. முழுசா ஒரு சட்டை நான் தச்சதே இல்ல."
ஆயிரக்கணக்கில் சட்டை ஏற்றுமதியாகிறது. முழுச் சட்டை தைத்தவர் யாருமில்லை!
கிளம்புவாள் என்று பார்த்தால், "இது எப்பிடி ரவிக்கை ஆவுதுன்னு பாத்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். தைத்தோம், பிரித்தோம், ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டோம்.

1 பிப்ரவரி
முடிந்தது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது.

8 பிப்ரவரி
கல்யாணம். அட்சதையை இடுப்பிலிருந்து வீசினேன். முன்வரிசை மாமாவின் காபியில் விழுந்தது. ராதா சம்பந்தியிடம், "எங்க மன்னி. அவளே தச்சுண்டது. பார்த்தாலே தெரியறதோல்லியோ?"
"ஆமாம், நானேதான்" என்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

15 பிப்ரவரி
வகுப்பில் நான் வெட்டிய பேப்பர் அளவை எடுத்துப்போன விஜி, தனக்கு ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்று இடது, ஒன்று வலது — முதலில் அதைத்தான் பார்த்தேன். கழுத்தில் காலர்!
"ரவிக்கைக்கு எதுக்கடி காலர்?"
"அது என் கையெழுத்து, மாமி."
நாளைக்கு இதைத்தான் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகிறாளாம். சூப்பர்வைசர் கத்தினால்?
"கத்தட்டும். கை வெக்கிறவளுங்க பாக்கணும்."
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள், திமிர் பிடித்தவள்.