கணினியில் நீலமாக இருந்த உன் தெரு

இன்று மேசை டிராயரில் வேறெதையோ தேடப்போய் அந்த பிரஷர் கேஜ் கையில் தட்டுப்பட்டது. குழாய் வாயில் திருகி, தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்று பார்ப்போமே, அதுதான். பித்தளையும் துருவும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. அதன் பிறகு வேலை ஓடவில்லை.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். காஞ்சிபுரத்துக் குடிநீர்க் குழாய்களையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலை. எந்தத் தெருவில் என்ன குழாய், எவ்வளவு பருமன், தரை எவ்வளவு மேடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், தொட்டியில் திறக்கும் தண்ணீர் எங்கெங்கே போய்ச் சேரும் என்று கணினி கணக்குப் போட்டுக் காட்டும். சேரும் தெரு நீலம், சேராத தெரு சிவப்பு. நான் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்து சேருவதற்குள் நீ ஒரு பேட்டையையே முடித்துவிட்டு என்னை முறைப்பாய்.

சின்ன காஞ்சிபுரத்தில் கடைக்கோடித் தெரு உன்னுடையது. குழாய் இருந்தது, அதில் தண்ணீர் வந்து பார்த்தவர் இல்லை. பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரே திரளும்; மற்ற தெருக்களில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். உங்கள் தெருவில் மட்டும் தாகம் என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்லவேண்டும். அது உனக்கு மானப் பிரச்சினை. "அடுத்த கருட சேவைக்கு எங்க தெருவுல பந்தல் போடறோம்டி, பார்த்துக்கினே இரு" என்பாய்.

வேடிக்கை என்னவென்றால், கணினி உன் தெருவை நீலமாகக் காட்டியது. நேரில் போய்க் கேஜைத் திருகினால் முள் அசையவில்லை. நான் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். உன் அம்மா தறியை விட்டு எழுந்து வந்து, "இதுக்கு எதுக்குமா கம்ப்யூட்டரு? என் குடத்தைக் கேட்டா சொல்லுமே" என்றார்.

"குடம் தண்ணி இல்லைன்னு சொல்லும்மா. ஏன் இல்லைன்னு சொல்லாது" என்றாய் நீ.

அன்று மாலை முழுக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். உன் தெருவுக்கு முந்திய சந்திப்பு வரை கேஜ் சொன்னதும் கணினி சொன்னதும் ஒத்துப்போயின. அதைத் தாண்டியதும் பிரிந்துவிட்டன. அங்கே விரலை வைத்தாய். "கணக்கு சரியாத்தான் இருக்குது, குழாய் திறந்திருக்குதுன்னு அதுக்கு நினைப்பு. இங்க ரோட்டுக்கு அடியில ஏதோ வால்வு மூடிக்கினு இருக்குது."

புதிதாகத் தார் போட்ட சாலை. அதைத் தோண்ட யாருக்கும் மனம் வரவில்லை. மனு கொடுத்தாய், நடையாய் நடந்தாய். அந்தச் சமயத்தில்தான் உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்தார். அம்மா சின்ன டம்ளரில் அளந்து கொடுப்பார். மறுபடி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஊருக்கே தண்ணி கணக்கு போட்டவ கதியைப் பாருடி" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டயாலிசிஸ் முடிந்த களைப்பிலும் "தோண்டினாங்களா?" என்றுதான் கேட்பாய். என்னிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

நீ போன பிறகு தோண்டினார்கள். நீ விரல் வைத்த இடத்திலேயே இருந்தது, துருவேறி முழுக்க மூடிக்கிடந்த வால்வு. திறந்த அன்று உன் வீட்டுக் குழாயில் கேஜைத் திருகினேன். முள் ஏறியது. உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்று அங்கேயே நின்று அழுதேன்.

அந்த வருடக் கருட சேவைக்கு உன் அம்மா வாசலில் பந்தல் போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் வழிய வழிய ஊற்றினார். போதும் என்றவர்களையும் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டுப் போப்பா." எனக்கு நீட்டும்போது மட்டும் டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"கேட்டாளேம்மா. கேட்டப்பல்லாம் இல்லைன்னேனே" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்ப் படங்கள் என் கையில் வந்துபோயின. கணக்கும் கேஜும் முரண்டு பிடிக்கும் இடத்தில் நானும் உன்னைப் போல விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அன்று தண்ணீர் வந்த பிறகு உன் தெருவைப் படத்தில் திருத்தலாம் என்று திறந்தேன். திருத்த எதுவும் இல்லை. அது முதலிலிருந்தே நீலம்தான்.