எண்பத்தாறாம் பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருப்பேங்கற நம்பிக்கையிலதான் எழுதறேன். ஒரு மாசமா போன்ல நான் சரியா முகம் கொடுத்துப் பேசலைன்னு உனக்கு வருத்தம். குரலை வச்சே நீ கண்டுபிடிச்சுடுவேன்னு பயந்துதான் ஒவ்வொரு தடவையும் அடுப்புல ஏதோ கருகுதுன்னு சொல்லி உங்கப்பா கையில கொடுத்துட்டுப் போனேன். இப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சு, அதனால முதல்லேருந்து சொல்றேன், பதறாம படி.

நாட்டுக்கு முடிவெடுக்கும்போது இளைஞர்களையும் கேட்கணும்னு அரசாங்கம் புதுசா ஒரு கொள்கை கொண்டு வந்து, முப்பது பேரைக் குலுக்கல்ல எடுத்து ஆலோசனைக் குழு வச்சாங்கல்ல, அதுல உன் தங்கச்சி வாலு பேர் விழுந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். லேத் பட்டறையில பயிற்சிக்கு இருக்கிற பொண்ணு தலைநகரத்துக்குப் போறான்னு உங்கப்பா அவர் ஓட்டற பஸ்ல ஏறினவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டார், நான் டிக்கெட் கொடுத்ததைவிட இவர் அதைச் சொன்னதுதான் அதிகம்னு கண்டக்டர் கேலி பண்ணினார். அங்கே போனா பெரிய மண்டபம், கழுத்துல அட்டை, போட்டோ, எல்லாம் தடபுடல். காலையில தொழிற்பயிற்சிச் சட்ட வரைவுன்னு நூத்தி நாப்பது பக்கம் கையில கொடுத்திருக்காங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே ஒரு தனித்தாள் வந்திருக்கு, இளைஞர்களைக் கலந்து பேசி அவங்க முழுச் சம்மதத்தோட தயாரிச்சதுன்னு அதுல போட்டிருக்கு, கீழே கையெழுத்துப் போடணும். இருபத்தொன்பது பேர் போட்டுட்டாங்க. இவ மட்டும் கையெழுத்துக்குப் பதிலா, படிக்க நேரம் தரலை, படிக்காததுக்குச் சம்மதம் சொல்ல முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா. குழுவைக் கவனிக்கிற அதிகாரி, எல்லாரும் போட்டாச்சு, உனக்கு மட்டும் என்னம்மா கஷ்டம்னு கேட்டாராம். படிக்கத் தெரிஞ்சதுதான் சார் கஷ்டம்னு இவ சொல்லியிருக்கா. அந்த வாய் யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு நீ கேட்காதே.

மூணாம் நாள் ஆஸ்பத்திரியில நான் ஆபரேஷன் கத்தி, கத்திரியெல்லாம் கிருமி போக அவிக்கிற ஆவிப் பெட்டியில அடுக்கிக்கிட்டு இருக்கேன், சூப்பரிண்டெண்ட் கூப்பிடறார்னு ஆள் வந்தது. மேலேருந்து போன் வந்துச்சு, அந்தப் பொண்ணு உங்க மகளான்னு கேட்டாங்க, கொஞ்சம் சொல்லி வைங்கன்னார், அவ்வளவுதான். அவர் மிரட்டலை, முகத்தைக்கூடப் பார்க்கலை. ஆனா பதினொரு வருஷமா நிரந்தரம் ஆகாத வேலை, உங்கப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் எத்தனை நாள் ஸ்டியரிங் பிடிப்பாரோ தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம அவகிட்ட, போட்டுத் தொலையேன்டி, ஒரு கையெழுத்துதானேன்னு கத்திட்டேன். இதை அவ உனக்குச் சொல்ல மாட்டா, அதனால நானே சொல்றேன். அவ, படிச்சுட்டு நல்லா இருந்தா போடறேம்மான்னு மட்டும் சொன்னா.

அப்புறம் நாலு நாள் பட்டறையில டீ குடிக்கிற நேரம்கூட விடாம அந்த நூத்தி நாப்பது பக்கத்தையும் வச்சுக்கிட்டுப் படிச்சா, பக்கமெல்லாம் கிரீஸ் விரல் ரேகை. எண்பத்தாறாம் பக்கத்துல இருக்கு விஷயம். பயிற்சிக் காலத்தை ஒரு வருஷத்துலேருந்து மூணா ஆக்கறாங்க, அந்த மூணு வருஷமும் பயிற்சியில இருக்கிறவங்க தொழிலாளி கணக்குல வர மாட்டாங்களாம். மெஷின்ல கை போனா நஷ்டஈடு கிடையாது, முதலாளி மேல கேஸும் கிடையாது. போன மழைக்காலத்துல இவ பக்கத்து மெஷின் பொண்ணுக்கு ஆள்காட்டி விரல் நுனி போச்சு, கைக்குட்டையைச் சுத்தி நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்ததே வாலுதான். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து குழுவுல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பி, இதைப் படிச்சுட்டுத்தான் போட்டீங்களான்னு ஒரே வரி கேட்டிருக்கா. பதினாலு பேர் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கறோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

மறுபடி கூட்டம் போட்டாங்க. இந்தத் தடவை உங்கப்பா லீவு போட்டுட்டுக் கூடவே போய் வாசல்ல நின்னார். குழுவுக்குத் தலைவரா இருக்கிற அம்மா முன்னாடி ஜட்ஜா இருந்தவங்களாம், அதிகாரி எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பிச்சதும், இருங்க, எழுதிக் கொடுத்த பொண்ணு பேசட்டும்னு சொல்லிட்டாங்க. இவ அந்தப் பக்கத்தை வாசிச்சா, விரல் போன கதையைச் சொன்னா, உட்கார்ந்துட்டா. அந்தம்மா அதிகாரியைப் பார்த்து, உங்க பிள்ளையை இந்தச் சட்டத்துக்குக் கீழே பட்டறைக்கு அனுப்புவீங்களான்னு கேட்டாங்களாம், அவர் தண்ணி குடிச்சார். நஷ்டஈடு இல்லேங்கற பகுதியை எடுத்துட்டு வரைவைத் திருத்தச் சொல்லி முடிவாச்சு. இனிமே மூணு வாரம் முன்னாடியே தாள் கையில வரணும், சம்மதம் இல்லேன்னா யாருக்கு இல்லைன்னு பேரோட பதிவாகணும்னும் எழுதிட்டாங்க. மூணு வருஷப் பயிற்சி மட்டும் அப்படியேதான் இருக்கு, அதுக்கு அடுத்த கூட்டத்துல பேசப் போறாளாம். பேசட்டும்.

ஆனா என் பயம் அத்தோட போகலை. நேத்து சூப்பரிண்டெண்ட் மறுபடி கூப்பிட்டார். வேலை போச்சுன்னே நினைச்சு ஒப்படைக்கறதுக்கு என் சாமான் பெட்டிச் சாவியைக்கூடக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போனேன். அவர் கதவைச் சாத்திட்டு, அந்த எண்பத்தாறாம் பக்கம் ஒரு நகல் கிடைக்குமா, என் மூத்தவனும் பயிற்சியிலதான் இருக்கான்னார். வெளியே வந்து ஆவிப் பெட்டிக்குப் பின்னாடி நின்னு சத்தம் வராம அழுதேன், அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து வாலுகிட்ட, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடின்னேன். அவ தட்டை நீட்டி, பசிக்குது, அழாம போடுன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம், ஒரு மாசத்துல நேத்துதான் எனக்குச் சோறு உள்ளே இறங்கினது.

நீ அவளுக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை நல்லா சொல்லு, கிண்டல் அப்புறம் பண்ணிக்கலாம். பல் வலியைத் தள்ளிப் போடாதே, டாக்டர்கிட்டப் போ. குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. வெளிநாட்டுல இருக்கிறவங்க ஓட்டுப் போட இந்த மாசக் கடைசிக்குள்ள பேர் பதியணுமாம், மறந்துடாதே, மறந்தேன்னா உன் தங்கை உன்னைச் சும்மா விட மாட்டா. நீ எங்கே இருந்தாலும் நிறைஞ்ச ஆயுசோட, யாருக்கும் பயப்படாம நல்லா இருக்கணும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
(அப்பா பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கார், வாசல்ல நின்னதையும் எழுதினியான்னு.)