பனங்காடையின் கண்ணில் வெள்ளைப் புள்ளி

இன்று காலை கடையில் வேலம்பிசின் ஊறிய கிண்ணத்தைத் திறந்தேன். நீங்கள் வண்ணம் குழைக்கும் அதே பிசின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா ஏலத்தில் எட்டுப் பறவைப் படங்கள் எனக்குக் கிடைத்தன. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் பூசியவை. நூற்றைம்பது வருஷப் பழசு. பனங்காடையின் இறக்கையில் நீலம் வெளிறி, அடியிலிருந்த கோடெல்லாம் தெரியும். கண்ணில் மட்டும் பிசின் தடவி மினுங்க வைத்திருந்தான் எவனோ ஒரு மகராசன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் பிரேம் கடைக்கு அதைவிடப் பெரிய சொத்து வந்ததில்லை.

தூசி தட்டக்கூட எனக்குப் பயம். எதிர் ஸ்டுடியோவில் போட்டோக்களுக்கு டச்சப் செய்துகொண்டிருந்த உங்களிடம் கொடுத்தேன். உங்கள் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் நாள் கொண்டுவந்தீர்கள். எட்டிலும் புத்தம்புது நீலம், புதுப் பச்சை. ஒவ்வொரு கண்ணிலும், கல்யாணப் பெண் போட்டோவுக்கு வைப்பதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி.

"இப்பப் பாருங்க, உசுரு வந்திருச்சுங்க," என்றீர்கள்.

நூற்றைம்பது வருஷப் பழமை மொத்தமாகப் போயிருந்தது. கடை நிறைய ஆட்கள். "நீயெல்லாம் கல்யாண ஆல்பத்துக்குத்தான் லாயக்கு. வெளிய போ," என்றேன். பத்து வருஷப் பழக்கத்தில் உங்களை 'நீ' என்றது அன்றுதான்.

"தப்பாப்போச்சுங்க, உடுங்க," என்று படியிறங்கினீர்கள். அப்புறம் நாம் பேசவேயில்லை. நீங்கள் பெருந்துறைக்கே குடிபோய்விட்டீர்கள். நான் ஊரெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

உங்கள் வீட்டுக்கு நான் துக்கம் கேட்க வந்தபோதுதான் உங்கள் சம்சாரம் சொன்னார்: "சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொன்னீங்கன்னு ரண்டு நாளா சோறு தண்ணியில்லாம உக்காந்து தீட்டுனாருங்க."

ஆமாம், 'சுத்தம்' என்றுதான் சொன்னேன். நான் நினைத்தது தூசியை. ஸ்டுடியோக்காரருக்குச் சுத்தம் பண்ணுவதென்றால் மங்கியதைத் தீட்டி, கண்ணுக்கு ஒளி வைப்பது. அது எனக்குத் தெரியாதா? எத்தனை பேரை நானே அப்படிச் சொல்லி உங்களிடம் அனுப்பியிருக்கிறேன்.

"நீங்க சொன்னதைத்தானுங்க செஞ்சேன்" என்று அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இல்லை, பொய். அன்றிருந்த ஆத்திரத்தில் 'சுத்தம்' என்று சொல்லவே இல்லையென்று சாதித்திருப்பேன். அது தெரிந்துதான் நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டு படியிறங்கினீர்கள். என்னை அவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தீர்களே, அதுதான் இன்னும் குத்துகிறது.