குடும்ப ஈடுபாடு: பூஜ்யம்

ஜனவரி 18, வியாழன்

காலையிலிருந்தே ஜெராக்ஸ் மெஷின் அடம் பிடிக்கிறது. நாலு தாள் ஒழுங்காக வரும், ஐந்தாவதை மென்று வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து, கசங்கியதை உருவி, மூடினால் மறுபடி நாலு தாள். நடுவில் மூன்றாம் பீரியட் மணி. அதை அடிப்பதும் நான்தான். ஓடிப்போய் அடித்துவிட்டு வந்தேன்.

வந்தால் கிளார்க் சார் ஒரு பட்டியலுடன் நிற்கிறார். இருபது காப்பி வேண்டுமாம். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் கணிதத்துக்கென்று ஒரு சிறப்புப் பிரிவு தொடங்குகிறார்கள். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் முப்பது பேரை எடுக்கப் போகிறார்கள். இது தற்காலிகப் பட்டியல். காப்பி எடுக்கிறவள் படிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. என் பெண் எட்டாம் வகுப்பு. கணக்கு நோட்டைத் திறந்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிறவள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினேன். முப்பது வரை இல்லை. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் அவளுடையது.

தேர்வு: 80க்கு 76. குடும்ப ஈடுபாடு: 20க்கு 0.

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து எண்ணிப் பார்த்தேன், இரண்டு தரம். என் பெண் பன்னிரண்டாவது. 71 வாங்கிய பிள்ளைகூடப் பதினாறைச் சேர்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறது.

குடும்ப ஈடுபாடாம். பூஜ்யமாம். எங்களுக்கு.

ஜனவரி 19, வெள்ளி

கிளார்க் சாரிடம் கேட்டேவிட்டேன். வருடத்துக்கு ஐந்து பெற்றோர் கூட்டம், வந்தால் ஒன்றுக்கு நாலு மதிப்பெண் என்றார். இதுவரை நடந்தது நாலு. இன்னும் ஒன்று பாக்கி. பெற்றோர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். என் பெண் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘வரவில்லை’. நாலு தடவை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பதிவேட்டை வைக்கிற மேசையை ஹால் வாசலுக்கு இழுத்துப் போடுவது யார்? அதில் பேனாவை நூலால் கட்டி வைப்பது யார்? நூற்றிருபது நாற்காலியை மாடியிலிருந்து இறக்குவது, துடைப்பது, வரிசையாகப் போடுவது, வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பது, கடைசியில் நாற்காலியைத் திரும்ப ஏற்றுவது? எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து, எல்லாரும் போன பிறகு போனவள் வரவில்லையாம்.

“நாலு கூட்டத்துலயும் நான் இருந்தேனே சார்,” என்றேன்.

அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். “நீங்க ஸ்டாஃப் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா. இது பெற்றோர் ரிஜிஸ்டர்.”

நல்ல மனுஷன்தான். சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 20, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் டிப்போவிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். “கல்யாண வீட்டுல சமையல்காரரைப் பார்த்து, ஏன் கல்யாணத்துக்கு வரலன்னு கேட்ட கதையா இருக்கே.” நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

நீங்களாவது ஒரு தடவை வந்திருக்கலாமே என்று பாய்ந்தேன். “நீதான் நாள் முழுக்க அங்கேயே இருக்கியே,” என்றார்.

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ‘உங்களுக்கென்ன, நீங்க இங்கேயேதானே இருக்கீங்க, எப்ப வேணா பேசிக்கலாம்’ என்று அவளுடைய வகுப்பு மிஸ் மூன்று வருடமாகச் சொல்கிறார். எப்ப வேணா என்பது இன்னும் வரவில்லை. வராந்தாவில் நிறுத்தி, எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால், ‘நல்லா படிக்கிறா, அப்படியே இந்தச் சாக்பீஸ் டப்பாவை லேப்ல குடுத்துடுங்க.’

ஜனவரி 22, திங்கள்

தலைமையாசிரியை அறைக்குப் போனேன். மேடம் உட்காரச் சொல்லவில்லை. அந்த அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. எனக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கெல்லாம் நீங்க வேலையில இருந்தீங்க. வேலையில இருக்கிறது வேற, பெற்றோரா வர்றது வேற. ஒருத்தருக்காக விதியை வளைச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க,” என்றார். மேசையில் டம்ளர் காலியாக இருந்தது. போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

எடுத்துக்கொண்டும் வந்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 23, செவ்வாய்

வேலை. மணி அடித்தேன். யாரோடும் பேசவில்லை.

ஜனவரி 24, புதன்

மகளிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ஐந்தாறு நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம். மிஸ் வகுப்பில் சொல்லிவிட்டாராம்.

நான் பள்ளிக்கூடத்தைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் நோட்டை மூடி வைத்தாள். “நீ ஏன்மா ஒரு தடவைகூட வந்து உக்காரல?”

“வேலைடி. எப்படி உக்கார முடியும்?”

“மிஸ் என் பேரைக் கூப்பிட்டாங்க. எல்லாப் பிள்ளைங்களும் அவங்க அம்மா அப்பாவோட போய் முன்னாடி உக்காந்தாங்க. நான் சுவத்தோரமா நின்னு உன்னையே பார்த்துட்டு இருந்தேன். நீ தட்டை எடுத்துக்கிட்டு எனக்கு முன்னாடியே நடந்து போன. மிஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க.”

எந்தக் கூட்டத்தில் என்று கேட்டேன். நாலுலயும்தான் என்றாள். அழவில்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

அவர்கள் கூப்பிடவில்லை, சரி. மேடம் விடவில்லை, சரி. நான்? பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வராதே, வேலை கெடும் என்று சொன்னது நான்தானே? அங்கேயே இருந்தால் போதும் என்று நானும்தானே நினைத்தேன்? அவள் பெயரைக் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. டம்ளரை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஐந்தாவது கூட்டம் பத்தாம் தேதி சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. சுற்றறிக்கை முந்நூற்று நாற்பது காப்பி. அதோடு ஒவ்வொரு முறையும் இன்னொரு கடிதமும் போகும். பெற்றோர் வேலை செய்கிற இடத்துக்கு மேடம் எழுதுகிற கடிதம். இதுவரை எத்தனையோ ஆயிரம் காப்பி எடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை. இன்றைக்குப் படித்தேன்.

‘தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் ............ அவர்கள், தம் குழந்தையின் பள்ளிக் கூட்டத்தில் கலந்துகொள்ள ஒரு மணி நேரம் அனுமதி அளிக்குமாறு வேண்டுகிறேன். ஒரு மணி நேர இழப்பு எந்த நிறுவனத்தையும் முடக்கிவிடாது. ஆனால் பெற்றோருக்காகப் போடப்பட்ட நாற்காலி காலியாக இருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தை சோர்ந்துவிடும்.’

கீழே மேடத்தின் கையெழுத்து, முத்திரை.

அழகாக எழுதியிருக்கிறார். ஊரெல்லாம் உள்ள முதலாளிகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்.

எனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

புள்ளி வைத்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பெறுநர் என்ற இடத்தில்: தலைமையாசிரியை, இதே பள்ளி. கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தேன்.

தினமும் வருகிற தாள்தானே என்று பேனாவை எடுத்தார். பிறகு பெறுநரைப் பார்த்தார். முழுக்கப் படித்தார். தான் எழுதியதையே முதல் தடவை படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார். என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த மாதம் கையெழுத்துப் போட வேண்டியதும் இதே கைதான்.

“இது வெளியில வேலை பார்க்கிற பெற்றோருக்கும்மா,” என்றார்.

“உள்ள வேலை பார்க்கிறவங்களுக்கு வேற லெட்டர் இருக்கா மேடம்?”

“அந்த ஒரு மணி நேரம் டீயெல்லாம் யார் பார்த்துப்பாங்க?”

“ஒரு மணி நேரத்துல எந்த நிறுவனமும் முடங்கிடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

யோசிச்சுச் சொல்றேன், வெச்சிட்டுப் போங்க என்றார். வெளியே வந்தேன். வாட்டர் ஃபில்டரில் இரண்டு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.

பிப்ரவரி 7, புதன்

பதில் இல்லை. கிளார்க் சார் காதோடு காதாகச் சொன்னார்: “எதுக்கும்மா வம்பு? பொண்ணு அடுத்த வருஷம் முயற்சி பண்ணட்டுமே.” அடுத்த வருடம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேராவிட்டால் பிறகு சேர முடியாது என்று சிறப்புப் பிரிவுக்கான சுற்றறிக்கையில் இருக்கிறது. அதையும் நான்தான் காப்பி எடுத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மேடம் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே சாய்வாக ஒரு குறிப்பு: ‘11 முதல் 12 வரை மட்டும். அதற்கு முன் ஹால் தயாராக இருக்க வேண்டும்.’

பிப்ரவரி 10, சனி

நூற்றிருபது நாற்காலியையும் போட்டேன். பத்தே முக்காலுக்கு யூனிஃபார்ம் நீலக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, முகம் கழுவி, பின் கேட் வழியாக வெளியே போய், சுற்றி வந்து முன் கேட் வழியாக உள்ளே வந்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து முழித்தார். ஹால் வாசலில் கிளார்க் சார் பெற்றோர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துக் கோணலாகப் போயிற்று. நான் கட்டிய நூல் நீளம் போதவில்லை.

உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எதைப் பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா தோளைத் தட்டினார், பழக்க தோஷம். “அக்கா, இன்னும் டீ வரலையே?”

“எனக்கும் இன்னும் வரலீங்க,” என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். போனோம். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தடுமாறினார். அப்புறம் சொன்னார்: விடை எல்லாம் சரியாக வருகிறதாம், ஆனால் எப்படி வந்தது என்று பலகையில் போட்டுக் காட்டச் சொன்னால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாளாம். “மூணு வருஷமா உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

“மூணு வருஷமா தினம் உங்க வகுப்புக்குச் சர்க்குலர் கொண்டுவர்றேனே மிஸ்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு, வீட்டில் எப்படி இருப்பாள் என்று கேட்டார். யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். இவள் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவரை மாணவனாக்கி, கணக்கைப் படிப்படியாக உரக்கச் சொல்லிக் கொடுப்பாள், அவர் தப்பாகச் சொன்னால் அடுத்த கரண்டி சோறு கிடையாது என்றேன். மகள் மேசைக்கடியில் என்னைக் கிள்ளினாள். மிஸ் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்படியானால் முதலில் பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லிக்கொடு, பலகை அப்புறம் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னார்.

பத்து நிமிஷம் பேசியிருப்போம். இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் மூன்று வருடம்.

பன்னிரண்டு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று. பரவாயில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இறுதிப் பட்டியல் வந்தது. எழுபத்தாறும் நாலும் எண்பது. என் பெண் இருபத்தெட்டாவது. மெஷின் பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். அவர் டிப்போவிலிருந்து போனிலேயே கத்தினார்.

அப்புறம் காப்பி எடுத்தேன். எடுக்கும்போது கோட்டுக்குக் கீழே கண் போயிற்று. முப்பத்தொன்றாவது இடத்தில் இப்போது வேறு ஒரு பெண். தேர்வு 77. குடும்ப ஈடுபாடு 0.

எழுபத்தேழு. என் பெண்ணைவிட ஒன்று கூட. போன பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் முப்பதாவது அவள்தான், கோட்டுக்கு நேர் மேலே. அன்றைக்கு என் விரல் அவள் பெயர்மேல்தான் நின்றிருக்கும். நான் பார்க்கவே இல்லை. என் பூஜ்யம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

அந்த நாலு மதிப்பெண் என் பெண் வாங்கியதா? அவள் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்குக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு, அவளைவிட நன்றாக எழுதிய பெண்ணைக் கீழே தள்ளியாகிவிட்டது. தள்ளியதில் என் கையும் இருக்கிறது. இந்தக் கேடுகெட்ட குடும்ப ஈடுபாட்டுப் பத்தியை எடுத்துவிட்டால் அந்தப் பெண் பதினொன்றாவது, என் பெண் பன்னிரண்டாவது. இரண்டு பேரும் உள்ளே. இது தெரிய எட்டாம் வகுப்புக் கணக்குகூட வேண்டாம்.

பெற்றோர் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் வரிசை: ‘வரவில்லை’ ஐந்து தடவை. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமே இல்லை. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில், செவ்வாய்க்கிழமை வரை பெற்றோர் நேரில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று இருக்கிறது.

அவசரத் தொடர்பு ரிஜிஸ்டரிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா நம்பரை எடுத்துப் போன் பண்ணினேன். தூக்கக் குரல். பள்ளிக்கூடத்திலிருந்து என்றதும் பதறிவிட்டார். “என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?” ஒன்றும் ஆகவில்லை, நானும் ஒரு பிள்ளையின் அம்மாதான் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், என் பெண் பெயரையும் மறைக்காமல். ஆஸ்பத்திரி லாண்டரியில் ராத்திரி ஷிஃப்டாம். பகலில்தான் தூக்கம்.

நேரில் வந்து கேளுங்கள், அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி நானும் கூட நின்று கேட்கிறேன் என்றேன்.

“எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க? பதினொண்ணுன்னா எனக்கு முடியாதுங்க.”

“உங்களுக்கு எத்தனை மணிக்கு முடியும்?”

“எனக்கா?” என்று திருப்பிக் கேட்டார்.

“ஏழரைக்கு ஷிஃப்ட் முடியும். எட்டு மணிக்கு வந்துடுவேன்,” என்றார். “ஆனா அந்நேரத்துக்கு கேட் திறந்திருக்குமா?”

திறக்கிறதே நான்தான் என்று சொன்னேன்.