உன் அம்மா ஓட்டலில் இருக்கிறாள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் வீட்டில் இல்லை. எங்கள் கல்யாண நாளுக்கு என்று நான்கு நாளைக்கு எடுத்துக் கொடுத்தாயே அந்தப் பெரிய ஓட்டல், அங்கேயே இருக்கிறாள். நான் மட்டும் இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டேன். பதறாதே, சண்டை இல்லை. சண்டை என்றால் எனக்குப் புரிந்திருக்கும், முப்பத்தாறு வருஷத்தில் நாங்கள் போடாத சண்டையா. இது என்னவென்றுதான் தெரியவில்லை. நாளை வியாழக்கிழமை பன்னிரண்டு மணி வண்டியில் வருகிறாள். அதற்குள் எனக்கு உன்னிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

இதைப் போனில் கேட்கக்கூடாதா என்பாய். போனில் நம் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று உனக்கே தெரியும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, மழைதான், சரிப்பா அம்மாகிட்ட குடுங்க. இப்போது கொடுப்பதற்கு அவள் இல்லை, அதனால் எனக்குப் பேசவும் வரவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் இந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சத்தியம் செய்தார், ஆகையால் படிப்பார் என்றே வைத்துக்கொள்.

முதலில் இருந்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். வாசலில் தொப்பியும் தங்கப் பொத்தானுமாக ஒருவர் நின்றார், முதலாளியே நேரில் வந்துவிட்டார் என்று நினைத்து, பையை வாங்க அவர் நீட்டிய கையைப் பிடித்து நான் குலுக்கிவிட்டேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறைக்குள் போனால் இரண்டு பேருக்கு எட்டுத் தலையணை, மிச்ச ஆறு பேர் எப்போது வருவார்கள் என்று கேட்டேன், அதற்கும் சிரித்தாள். சுவர் முழுக்கப் பொத்தான். விளக்கை அணைக்கப் போய்த் திரையைத் திறந்தேன், திரையை மூடப் போய் டி.வி.யைப் போட்டேன், கடைசியில் எதற்கு வம்பு என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா குளியல் தொட்டியில் இறங்கியவள் ஒரு மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. இரண்டு தடவை கதவைத் தட்டி உயிரோட இருக்கியா என்று கேட்டேன், மூன்றாம் தடவை “கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு வெள்ளை அங்கியைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கையில் துணி இல்லை, ஊசி இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை வாலு. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில்தான் நான் கூத்தடித்தேன். நான் சமைக்கிற கேன்டீனில் திடீரென்று ஆள் கூடிச் சாப்பாடு குறைந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் சூப்பைக் கொடுத்து வயிற்றை நிரப்புவேன், தட்டைப் பெரிதாக்கிக் கரண்டியைச் சின்னதாக்குவேன், மேலே ஒரு தழையைப் போட்டுக் கண்ணைக் கட்டுவேன். அங்கே போய் உட்கார்ந்ததும் வந்தது இரண்டு வாய் சூப். அடுத்து குடை அகலத்துக்கு ஒரு தட்டு, நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மீன் துண்டு, அதன் மேல் தழை. உள்ளே சரக்குத் தீர்ந்துவிட்டது, பாவம் எவனோ ஒரு மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். நம் தொழில்காரன் மானம் போகலாமா. சர்வரைக் கூப்பிட்டு, காதோடு காதாக, “எங்க ரெண்டு பேருக்கும் வயிறு ரொம்பிடுச்சு தம்பி, மிச்சம் எதுவும் வேணாம், மத்த மேஜையப் பாருங்க” என்றேன். அவர் இன்னும் ஆறு வகை வரணும் சார் என்றார். அட, எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறான் என்று எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. உட்கார மனம் வராமல் எழுந்து போய்ச் சமையற்கட்டுக் கதவைத் தள்ளி, நீளத் தொப்பி போட்ட பெரியவரிடம், “கவலையே படாதீங்க மாஸ்டர், எனக்கும் இப்படி ஆகியிருக்கு, அரிசி இருந்தா எடுங்க, நாப்பது நிமிஷத்துல ஒப்பேத்திடலாம்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவர் பேய்முழி முழித்தார். மேனேஜர் ஓடி வந்தார். அங்கே அப்படித்தானாம், எட்டு வகையும் வாய்க்கொன்றாகத்தான் வருமாம், அதுதான் உசத்தியாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுவதில் என்ன உசத்தியோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அசடு வழியத் திரும்பி வந்தால் எங்கள் மேஜையைத் துடைத்துவிட்டார்கள். உன் அம்மா மட்டும் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பசிக்குதா என்றேன். “பசி இல்ல, அடுத்து என்ன வரும்னு பாக்கணும்னு இருந்துச்சு” என்றாள். நான் சிரித்தேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் போனோம். முட்டைக்கென்றே தனியாக ஒருவர் நிற்கிறார், வேறு வேலையே இல்லை அவருக்கு. முட்டை எப்படி வேணும்மா என்று உன் அம்மாவைக் கேட்டார். எப்படிப் போட்டாலும் சரி என்றாள். அவர் விடவில்லை, “நான் ஏழு விதமா போடுவேன், உங்களுக்கு எது பிடிக்கும்னு சொல்லுங்க” என்றார். இவள் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறதே என்று நான் ரெண்டு பேருக்கும் ஆம்லெட் என்று சொல்லித் தட்டை நீட்டினேன். நான் செய்ததில் என்ன தப்பு, நீயே சொல். நானூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் வேலை பார்க்கிறவன், எனக்கு வரிசை நின்றால் கை பரபரக்கும். அவள் ஆம்லெட்டைச் சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள், எப்போதும் போல.

திங்கட்கிழமை சாயங்காலம் வேறொரு கூடத்துக்குப் போனோம். சர்வர் என் வயதுக்காரர், மெனு கார்டை முதலில் உன் அம்மாவிடம் கொடுத்து, உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்மா என்று கேட்டுப் பேனாவோடு நின்றார். நான்தான் முந்திக்கொண்டு, “அவளுக்கு எதக் குடுத்தாலும் சாப்பிடுவா, நீங்க எனக்கு எழுதிக்குங்க” என்றேன். வாலு, நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். என் பெண்டாட்டி தட்டில் குறை சொல்லாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அந்த மனுஷன் எழுதவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கார்டை முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு “எனக்குத் தெரியலீங்களே” என்றாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. முட்டைக்கும் மீனுக்கும் யாராவது அழுவார்களா? “அவசரமே இல்லம்மா, நான் மறுபடி வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்று தடவை வந்தார். கடைசியில் என்னைக் காட்டி, “அவருக்கு என்னவோ அதே எனக்கும்” என்றாள். நான் வாங்கியது எனக்கே பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு அங்கே மூச்சு முட்டியது. நான் இல்லாமல் கேன்டீன் என்ன பாடுபடுகிறதோ, கிளம்பு போகலாம் என்று பையை எடுத்தேன். அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “நீங்க போங்க, நான் வியாழக்கிழமை வரேன்” என்றாள். ஏன் என்றேன். “எனக்கு என்ன பிடிக்கும்னு பாத்துட்டு வரேன்” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். தனியாவா, உனக்கு லிஃப்ட் பொத்தானே தெரியாதே என்றேன். “நீங்க பக்கத்துல இருந்தா நீங்க சொல்லிடுவீங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். சாதாரணமாக, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன், எல்லாம் இவள் செய்த வேலை, ஒரு புடவை எடுத்து அனுப்பியிருக்கலாம் என்று. கோவிச்சுக்காதே.

வந்த கையோடு கேன்டீனுக்குப் போனேன். உதவி மாஸ்டர் நான் இல்லாமல் திணறிக்கொண்டிருப்பான் என்று பார்த்தால், எல்லாம் நேரத்துக்கு நடந்து பாத்திரமும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. உப்பாவது கூடியிருக்கும் என்று ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது, பாவி. வழக்கம் போல மிச்சத்தைக் கேரியரில் போட்டு எடுத்து வந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு உன் அம்மா போன் செய்தாள். முட்டையில் இருந்து ஆரம்பித்திருக்கிறாளாம். முதல் நாளே இரண்டு விதம் பார்த்தாளாம். “ஒண்ணு பிடிக்கல, பாதியிலேயே வெச்சுட்டேன், யாரும் ஒண்ணுமே சொல்லலீங்க” என்று சொல்லி, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்தாள். நான் நல்லது என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவள் எதையாவது பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் எதைப் பாதியில் வைப்பாள்? கேரியரில் என்ன வருகிறதோ அதுதானே இந்த வீட்டுச் சாப்பாடு. முப்பத்தொரு வருஷமாகக் கேன்டீனில் எது மிஞ்சியதோ அது இங்கே வந்திருக்கிறது. அவளை அடுப்பங்கரையில் வேகவிடாமல் ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வாயாடி, இன்னைக்கும் பீன்ஸா என்று கேரியரைத் தள்ளிவிட்டுத் தரையில் உருளுவாய், உனக்கு உடனே முட்டை பொரித்துக் கொடுப்பாள், நீ தள்ளியது அவள் தட்டுக்குப் போகும். எனக்கு மேலாக உள்ளதைப் போடுவாள். அடியில் இருப்பது அவளுக்கு. இதை நான் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறேன். பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று காலையில் ஒரு யோசனை தோன்றியது. நாளைக்கும் லீவு இருக்கிறது. அவள் வந்து இறங்கும்போது அவளுக்குப் பிடித்ததை, அவளுக்கு மட்டும், புதிதாகச் சமைத்து வைத்துவிட வேண்டும். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். என்ன வேணும் மாஸ்டர் என்று காய்க்காரம்மா கேட்டாள். நானூறு பேருக்கு எத்தனை கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கத்தரிக்காயைத் தொட்டேன், வைத்தேன். வெண்டைக்காயைத் தொட்டேன். அவளுக்கு இனிப்பு ஆகுமா, காரம் வேணுமா, குழைந்த சோறா விறைத்த சோறா, ஒன்றும் தெரியவில்லை. உடம்பு சரியில்லையா மாஸ்டர் என்று அந்த அம்மா கேட்கும்வரை அங்கேயே நின்றேன். வெறும் பையோடு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளையே கேட்கலாமே என்பாய். அவளுக்கும் தெரியாது என்பதுதானே இப்போது பிரச்சினை. அவளே கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிடலாம், அதுதான் நியாயமோ என்னவோ. ஆனால் ஒரு சமையல்காரன் தன் பெண்டாட்டியை வெறும் அடுப்போடு எப்படி வரவேற்பான்?

ஆகையால் நீ சொல். உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? பெண் பிள்ளை, இருபத்து நான்கு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், உன்னிடம் என்றாவது சொல்லியிருப்பாள். ஆனால் சட்டென்று எழுதிவிடாதே. நன்றாக யோசி. அவளுக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தோன்றுவதில் எது உனக்குப் பிடித்தது, எது எனக்குப் பிடித்தது என்று கழித்துப் பார்த்துவிட்டு எழுது. நானும் காலையிலிருந்து அப்படித்தான் கழித்துப் பார்க்கிறேன் வாலு, அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. உனக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது, எதையாவது சொல்லி வைக்காதே. இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் கேட்போம்.

மாப்பிள்ளைக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். நீ குளிரில் காதை மூடாமல் வேலைக்குப் போகிறாய் என்று உன் அம்மா கவலைப்பட்டாள், மூடிக்கொள். இரண்டு பேரும் நூறு வருஷம் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டு நன்றாக இருங்கள், அதுதான் என் ஆசீர்வாதம். இன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேள். அவரையும் உன்னைக் கேட்கச் சொல்.

மறந்துவிடாதே, வண்டி பன்னிரண்டு மணிக்கு. மார்க்கெட் ஆறு மணிக்கே திறந்துவிடும், நான் வாசலில் நிற்பேன்.

உன் பதிலுக்காகப் பையோடு காத்திருக்கும்,
அப்பா