கடல் இருக்கும் பக்கம்

ஜன. 9, வெள்ளி

காலையிலிருந்து மழை. சப்பாத்து காயவில்லை. குசினி அடுப்படியில் வைத்திருக்கிறேன், அம்மா காணும்வரை.

பத்தாம் தரப் பாடத் தெரிவுப் படிவம் தந்தார்கள். அடுத்த வெள்ளி கொடுக்கவேண்டும், அப்பாவின் கையெழுத்தோடு. யோசிக்க ஒன்றுமில்லை. முதல் தொகுதியில் ஒன்று:

– வர்த்தகம் (எங்கள் ஏ பிரிவு முழுக்க இதுதான். என் சிநேகிதி நிவேதாவும்.)
– குடியியல்
– புவியியல் (சி பிரிவுக்காரர் எடுப்பது. மனப்பாடக் கூத்து. ஏ வராது என்று கதை.)

வர்த்தகம். முடிந்தது. சாதாரணதரத்தில் ஒன்பது ஏ, பிறகு உயர்தரத்தில் உயிரியல், பிறகு டாக்டர். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. நான் எழுதப்போகிற மருந்துச் சீட்டை இப்பவே வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் தெரிவுக்கு முதல் எல்லா வகுப்பிலும் ஒருநாள் போய் இருக்கவேண்டுமாம். புவியியல் டீச்சர் வீட்டுவேலை வேறு தந்துவிட்டார்: பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழியை வரைந்து திசை குறிக்கட்டாம். அரை மணித்தியாலம். அடிமட்டம் வைத்துக் கோடு, கடலுக்கு நீலம். நல்ல வடிவு.

ஜன. 12, திங்கள்

தூறல். நிவேதா தலையிடி என்று சொல்லிப் புவியியலுக்கு வரவில்லை. சி பிரிவு வகுப்பறையில் நான் தனிய. பக்கத்துக் கதிரையில் சிபானா என்ற பிள்ளை. என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உள்துறைமுக வீதியோ?"

"ஓம். எங்கட வாசல்ல நிண்டாக் கடல்."

"கடல் பக்கம் கிழக்கெண்டு போட்டிருக்கிறீங்க."

"இது கிழக்கு மாகாணம்தானே. கடல் கிழக்குத்தானே." (எந்தக் குரலில் சொன்னேன் என்று நினைக்க இப்போது கூசுகிறது.)

"அப்ப உங்கட வாசல்ல சூரியன் கடலுக்குள்ளாலயோ எழும்புறது?"

படத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

மழை இல்லாத நாளில் நாலு மணிக்கே அம்மா முன் யன்னல் சீலையை இழுத்துவிடுவா, டீவியில் வெயில் அடிக்கும் என்று. சூரியன் எங்கள் வாசலுக்கு முன்னால் தண்ணீருக்கு அங்கால்தான் போய் விழும். பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் என் கையால் 'கிழக்கு' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் அடித்திருக்கிறேன்.

விஞ்ஞானப் பாடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. பூமி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டால் படத்தோடு எழுதுவேன்.

டீச்சர் எதையும் வெட்டவில்லை. கீழே ஒரு வரி: 'அழகான படம். இதை நம்பிப் பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டால் நான் ஊருக்கு மறுபக்கம் டச்பேக் கடலுக்குள்தான் நிற்பேன்.' சிபானா சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும்.

ஜன. 13, செவ்வாய்

மழை விட்டது. ஆறு மணிக்கே சைக்கிள். அம்மாவிடம் வகுப்புத் துப்புரவு என்று பொய்.

டச்பே. கடற்கரையில் மான்கள் படுத்திருந்தன, என்னைக் கணக்கெடுக்கவில்லை. கடல் என்றால் அப்படி ஒரு கடல். மார்கழியில் தொடங்கிய இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. வள்ளம் எல்லாம் மேலே இழுத்துவிட்டிருந்தது. மேகத்தில் ஒரு கிழிசல், அதற்குள்ளால் சூரியன். தண்ணீருக்குள்ளிருந்து.

பின்னேரம் எங்கள் வாசல். அதே காற்று, என் தலைமயிரை விடுகிறதாக இல்லை. ஆனால் துறைமுகம் அசையவில்லை. தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி. நடுவில் ஒரு கோதுமைக் கப்பல், ஆடாமல். காலையில் பார்த்த அதே சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியது.

சைக்கிளில் பத்து நிமிசம். ஒரு பக்கம் எழும்புகிறது, மறுபக்கம் விழுகிறது. ஒரு பக்கம் இரைகிறது, மறுபக்கம் பேசாமல் கிடக்கிறது. நடுவில் இவ்வளவு மெல்லிய நிலத்துண்டில் பஸ் ஸ்டாண்ட், கோயில், பள்ளிவாசல், மீன் சந்தை, நான்.

பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் இரைவதாலும் இந்தப் பக்கம் பேசாமல் இருப்பதாலும்தான் கப்பல் வந்தது. கப்பல் வந்ததால் கடை வந்தது. கடை வந்ததால் சிபானா வீட்டார், நாங்கள், மூலைக்கடை சிங்கள மாமா, எல்லாரும். எங்கள் வீதி இங்கே இருப்பதற்கே ஒரு காரணம் இருக்கிறது. அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. இருட்டும்வரை உள்ளே போகவில்லை.

ஜன. 14, புதன்

புவியியல்தான் எடுக்கப்போகிறேன் என்று நிவேதாவிடம் சொன்னேன். "விசரோ உனக்கு? ஒரு ஏ போனா என்ன செய்வாய்?" பிறகு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. அவள் கேட்டது சரிதான். பயமாகத்தான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா.

"புவியியலுக்கு ஏ வருமோ?"

"தெரியாது அப்பா."

"தெரியாதெண்டா ஏன் பிள்ளை எடுக்கிறாய்? வர்த்தகம் கையில இருக்கு. டாக்டருக்கு மலையும் ஆறும் என்னத்துக்கு?"

பென்சிலால் 'புவியியல்' என்று எழுதிய படிவத்தை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"அப்பா, கிழக்கு எந்தப் பக்கம்?"

சட்டென்று கையை வாசல் பக்கம் நீட்டினார். கடலை. "இதென்ன கேள்வி."

அம்மா நாளைக்குப் பச்சையரிசி புடைத்துக்கொண்டிருந்தா. தலை நிமிராமல், "அப்ப நாளைக்கு எந்தப் பக்கம் பாத்துப் பொங்கப் போறீங்கள்?"

அப்பா கையை இறக்கவில்லை கொஞ்ச நேரம். படிவம் அலுமாரிக்கு மேலே, கையெழுத்தில்லாமல்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

மப்பு வானம். மற்ற வீடுகளில் முன் முற்றத்தில் பொங்குவார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் பின்வளவில், கிணற்றடியில். வாசலில் இடமில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வாசலில் இடம் தாராளமாக இருக்கிறது.

பால் பொங்கியது. சூரியனைக் காணவில்லை. அப்பா வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கன நேரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே மேகம் வெளுத்தது. வந்துவிட்டது. அப்பா கும்பிட்ட கையோடு மெதுவாகத் திரும்பி, வீட்டுக்குள்ளால், திறந்திருந்த வாசல் வழியாகக் கடலைப் பார்த்தார். திரும்பவும் தென்னையைப் பார்த்தார்.

"நாப்பத்தாறு வருசமா இந்த வீட்டில இருக்கிறன்," என்றார். என்னிடம் இல்லை. ஒருவரிடமும் இல்லை.

பின்னேரம் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் படியில் இருந்தேன். கப்பல் நேற்றே போய்விட்டது. சூரியன் இறங்கி முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. கையெழுத்துக் கேட்கத் துணிவில்லை.

ஜன. 16, வெள்ளி

மழை. அப்பா ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார்.

படிவம் மேசையில், தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே. கையெழுத்து இருக்கிறது. 'புவியியல்' என்று நான் பென்சிலால் எழுதியதற்கு மேலே பேனையால் எழுதியிருக்கிறார்.

பின்பக்கம் ஒரு படம். எங்கள் வீடு, கிணறு, தென்னை. வலப்பக்கம் கடல், அதில் 'மேற்கு' என்று கொட்டை எழுத்தில். வடக்குக்கு அம்புக்குறி, மேல் நோக்கி. அருகில் சின்னதாக: 'சரியோ?'

மேற்கு வலப்பக்கம் என்றால் வடக்கு கீழே வரவேண்டும். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி பிழைத்தாலும் விடாத மனிசன்.

திருத்தவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.