உன் கையிலிருந்து வாங்கிய பந்து

சுவரொட்டிக்குப் பூசிய மாப்பசை வெயிலில் காயும்போது ஒரு புளித்த வாடை எழும். இன்று காலை அது கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மதிலிலிருந்தே எழுந்தது. கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் மாவுக்குப் பெண்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்கிற இந்த நாட்களில், அந்த மாவைக் கரைத்து உன் முகத்தை என் மதிலில் ஒட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு குழுப்படத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். ஒரு காது பாதிதான் இருந்தது. பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே: ‘ஆங்கிலேயரை எதிர்த்து ஆடிய நம் ஏழை வீரனின் கையில் பந்தைக் கொடுத்த தலைவருக்கே உங்கள் வாக்கு.’

அந்தத் தலைவர் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கிரிக்கெட் கழகத்தின் அன்றைய கப்டன். இன்று நீதிமன்றங்களில் பெயர்பெற்ற அப்புக்காத்து, தேர்தல் வேட்பாளர்.

நம் கழகம் என்று எழுதிவிட்டேன். எனக்கு அது கழகம், உனக்கு வேலைத்தலம். கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்த நம் இருவரில் எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது, பின்னர் பட்டம் கிடைத்தது, பட்டத்தின் பின்னால் கழக உறுப்புரிமையும் தானாக வந்து சேர்ந்தது. உனக்கு உன் தகப்பனோடு துறைமுகம் கிடைத்தது. மூட்டை சுமந்த தோளால் நீ கோயில் வளவில் வீசிய பந்தைக் கண்ட எவரோ உன்னைக் கழகத்துக்கு அழைத்து வந்தார். சம்பளத்துக்குப் பந்து வீசுபவன் என்பது உன் பதவி. காலையில் கயிற்றுப் பாயை ஆடுகளத்தில் விரித்து இழுத்து ஆணி அறைவாய். கனவான்கள் வந்ததும், அவர்கள் அடித்துப் பழகுவதற்காக வலைக்குள் வெளிச்சம் மங்கும்வரை வீசுவாய். உள்ளே வருவதும் போவதும் முன்வாசலால் அல்ல, பின்கேற்றால். சாப்பாடு குசினிக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில். உன்னை அவர்கள் ‘போலர்’ என்று கூப்பிட்டார்கள். உனக்கொரு பெயர் இருக்கக்கூடும் என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்ததை நான் காணவில்லை.

கழகத்தின் போஷகரை வலையில்கூட ஆட்டமிழக்கச் செய்யலாகாது என்பது எழுதாத விதி. ஒருநாள் உன் கை உன் பேச்சைக் கேட்கவில்லை. பந்து திரும்பி உள்ளே வந்து அவருடைய நடு ஸ்டம்பைச் சாய்த்தது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், பாய் ஒரு இடத்திலை மேடாக் கிடக்கு” என்றாய். அவரும் பாயை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். பாயில் மேடே இல்லையே என்று பிறகு நான் கேட்டேன். “பாய்க்கு மானம் ரோசம் இல்லை மச்சான். அதுவே பழியைக் கேக்கட்டும்” என்று சிரித்தாய்.

உனக்கிருந்த ஆசை ஒன்றுதான். அவுஸ்திரேலியாவுக்குப் போகும் இங்கிலாந்து அணியின் கப்பல் கொழும்பில் தரிக்கும்போது, அவர்கள் கரையிறங்கி ஒரு பகல் ஆடிவிட்டுப் போவார்கள். அந்தப் பகலில் ஓர் ஓவர் நீ வீச வேண்டும். விக்கெட் விழ வேண்டும் என்றுகூட நீ கேட்டதில்லை. ஓர் ஓவர். ஆனால் சம்பளம் வாங்குபவனுக்கு அணியில் இடமில்லை. கப்பல்கள் வந்தன, போயின. நீ பாய் விரித்தாய்.

கடைசியாக வந்த கப்பலை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை, எனக்குத்தான் தேவை. அன்று காலை, விருந்தாளிகள் கைபழகுவதற்காக உன்னை வலைக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்துக் கப்டன் உன் பந்துகளைத் தேடித் தேடித் துடுப்பை நீட்டினார். ஆடி முடித்து வெளியே வந்து உன் பெயரைக் கேட்டார். நம் கப்டன், “எங்கள் போலர்” என்றார். நான்தான் பெயரைச் சொன்னேன்.

மதிய உணவுக்குப் பின் நம் ஆட்டக்காரர் ஒருவர் வெயில் தாங்காமல் படுத்துவிட்டார். பதிலாளாக நிற்க உன்னை அனுப்பினார்கள். பதிலாள் பந்தைத் துரத்தலாம், பிடிக்கலாம், வீசக்கூடாது. அவர்களோ நம்மவர் பந்துகளை வேலிக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இடைவேளையில் இங்கிலாந்துக் கப்டன் நம் கப்டனை எல்லைக்கோட்டுக்கு அழைத்தார். ஓட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். உன்னைச் சுட்டிக்காட்டி, அந்த மனிதர் வீசட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். அவர் விரல் உன் பக்கம் நீண்டதை நீ அங்கிருந்தே கண்டாய். கண்டதும் பந்தை எடுத்துக் காற்சட்டையில் தேய்த்தபடி, பின்னால் நடந்து, ஓடிவரும் இடத்தைக் காலால் கீறி வைத்தாய்.

நம் கப்டன் புன்னகையோடு மறுத்தார். அவன் எங்கள் வேலையாள், இன்று அவனை வீசவிட்டால் நாளை இப்படிப்பட்ட வேலையாட்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டிவரும் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நடந்து உன்னிடம் வந்து, உன் கையிலிருந்து பந்தை வாங்கினார். “ஆர் உன்னை இதை எடுக்கச் சொன்னது? போ, அங்காலை போய் நில்.” பந்தைத் தன் மைத்துனரிடம் கொடுத்தார். மைத்துனரின் முதற்பந்து பவிலியன் கூரையில் விழுந்தது. கைதட்டினார்கள்.

அடுத்த ஆண்டு உன் தோள் பிசகியது. கொஞ்சக் காலம் மைதான உருளையை இழுக்கவிட்டார்கள். பிறகு அதற்கும் வேறொருவன் வந்தான். தெமட்டகொடை ரயில் யார்டில் கரித்தூசியை விழுங்கி, நெஞ்சு நோய் கண்டு, நீ போய்ச் சேர்ந்தாய். பிரேதத்துக்குப் பின்னால் நடந்தவர்களில் கழகத்தார் ஒருவரும் இல்லை.

அந்தக் கழகத்தின் கப்டன்தான் நேற்று என் வீட்டுக்கு வந்தார். உனக்கு நினைவுக் கூட்டமாம். நான் தலைமை தாங்க வேண்டுமாம். “நீர்தான் பொருத்தமான ஆள். அவனோட வளர்ந்தனீர்” என்றார். உன் கையில் பந்தைக் கொடுத்தவர் தானென்று நான் சொல்லவும் வேண்டுமாம். எப்போது கொடுத்தீர் என்று கேட்டேன். அவருக்குக் கூச்சம் வரவில்லை. “சின்ன விசயம் மச்சான். செத்தவனுக்கும் பெருமைதானே.” தலைமை தாங்குகிறேன், நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வேன் என்றேன். தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அவர் இருந்த கதிரையைத் துடைக்கச் சொன்னேன். அற்பமான செயல்தான், ஆனால் அந்த அருவருப்புக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்று சுவரொட்டியைக் கண்டதும் உன் மனைவியிடம் போனேன். அவளையும் அழைத்திருக்கிறார்கள். “அவரைப் பின்கேற்றாலை விட்டவை, என்னை மேடையிலை முன்வரிசையிலை இருக்கட்டாம் அண்ணே” என்றாள். “நான் போகேல்லை. அவருக்குப் பூசை ஒண்டு ஒப்புக்குடுத்திருக்கிறன், கோயிலுக்குப் போறன்.”

நகரம் இப்போது மகிழ்ச்சியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் போகப் போகிறான். நம்மை நாமே ஆளப் போகிறோம். நானும் இதைத்தான் இளமை முழுவதும் விரும்பினேன். ஆனால் ஒவ்வொரு மேடைப் பேச்சின்போதும் என் காதில் உன் குரல்தான் கேட்கிறது. அந்த ஆட்டம் முடிந்த மாலை மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தோம். அந்த இங்கிலாந்துத் துரை என்ன சொன்னார், நம் கப்டன் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாய். சொன்னேன். பிறகு, கோபமே இல்லாமல், கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னாய்:

“வெள்ளைக்காரன்தான் விடமாட்டான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்திட்டன் மச்சான்.”